ஏழாவது ஓடு

ஆறு சிப்பிகளைத்தான் போட்டான். அதில் யூஸ்டைனுக்குச் சந்தேகமே கிடையாது. ஆறையும் சமையலறை மேடையில் வரிசையாக வைத்து, சின்னக் கத்தியால் வாயைப் பிளந்து, கீல் விட்டுப்போகாமல் விரித்து, நீள இடுக்கியால் ஒவ்வொன்றாக மீன் தொட்டியின் மணலில் இறக்கியவன் அவனே. ஞாயிற்றுக்கிழமை காலையில், மீன்கள் தின்றுபோட்ட வெற்று ஓடுகளைப் பொறுக்கலாம் என்று காபிக் கோப்பையோடு வந்து குனிந்தபோது மணலில் ஏழு கிடந்தன.

எண்ணிக்கைகூடப் பரவாயில்லை. மனிதன் தப்பாக எண்ணுவான். ஆனால் விரித்துப் போட்ட ஓடுகள் எல்லாம் மூடியிருந்தன. உயிருள்ள சிப்பி மூடிக்கொள்வதுபோல இறுக்கமாக, கோடு தெரியாமல். ஒன்றை எடுத்துக் கத்தியால் திறந்தான். உள்ளே சதையில்லை, நாரில்லை, ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய அந்தச் சின்ன வெள்ளைத் தசைகூட இல்லை. துடைத்து வைத்த கண்ணாடிபோல் பளபளத்தது. இரவே எடுத்திருக்க வேண்டியதுதான். தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் பந்தயம் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனான்.

"ஒரு மணி நேரத்துக்குள் மிச்சத்தை எடு." தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாளில் அது நான்காவது விதி. எழுத்து அவன் மனைவி சோல்ரூனுடையது. வடகடலில் ஓர் எண்ணெய் மேடையில் கிரேன் ஓட்டுகிறாள். இரண்டு வாரம் கடல், நான்கு வாரம் வீடு. கிரேன் ஓட்டுகிறவளின் கையெழுத்து கிரேன் மாதிரியே இருக்கும், வளையாது. முதல் விதி: ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைத்துக் கொடுக்காதே. இரண்டு: கடலிலிருந்து வரும் எதுவாக இருந்தாலும் ஒரு வாரம் முழுக்க ஃப்ரீசரில் இருந்த பிறகே தொட்டிக்குள் போகும். மூன்று: வேகவைத்தது, உப்புப் போட்டது, மசாலா பட்டது எதுவும் கூடாது. மூன்றாவது விதிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடுகள். அக்டோபருக்குப் பிறகு போட்ட கோடுகள் அவை.

அக்டோபரில் அவள் கடலில் இருந்தபோது நண்பர்கள் வந்தார்கள். வெள்ளை ரொட்டி, எலுமிச்சை, படகிலேயே உப்புத் தண்ணீரில் வெந்த இறால் ஒரு வாளி. மிஞ்சியதில் ஒரு கை அள்ளித் தொட்டிக்குள் போட்டான். பாவம், அவையும் தின்னட்டுமே என்ற நல்லெண்ணம்தான். மூன்று மீன்கள் செத்தன. ஹீட்டர் பழுதாகிவிட்டது என்று அவளிடம் சொன்னான். வடிகட்டியில் சிக்கியிருந்த இறால் தோலை அவள் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோதும் ஹீட்டர் என்றே சொன்னான்.

"மீன் செத்தது போகட்டும் யூஸ்டைன்," என்றாள் அன்று. கத்தவில்லை; கத்தியிருந்தால் தேவலாம். "என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை பொய் சொன்னேன்னு வை, மோல்டே டவுன்ல உன் தம்பி வீட்டுல மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. போய் அங்கயே இரு."

பதினோரு வருடத் தாம்பத்தியம். தொட்டியில் இருக்கும் மஞ்சள் மீனுக்கு, அதன் பெயர் கேப்டன், வயது பதினான்கு. யார் சீனியர் என்று அவனுக்கு அடிக்கடி நினைவூட்டப்படும்.

ஆகவே இந்த முறை ஒழுங்காக இருந்தான். சத்தியமாக இருந்தான். திங்கள் உறைந்த பொடி இறால், செவ்வாய் காய்ந்த கடற்பாசித் தாள், புதன் மீன்முட்டை என்று தாளில் இருந்தபடியே உருக்கி, அலசி, அளந்து கொடுத்தான். வியாழக்கிழமை புயல் வந்து தீவு முழுக்க முப்பது மணி நேரம் மின்சாரம் போனது. விறகடுப்பைப் பற்றவைத்து, வெந்நீர்ப் பாட்டில்களைத் தொட்டியைச் சுற்றி அடுக்கி, பேட்டரி பம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு மீன் சாகவில்லை. அந்தப் பெருமையோடு கீழ்த்தளத்துக்குப் போனால், ஃப்ரீசர் மூடி ஒரு விரற்கடை திறந்திருந்தது. குழம்புக்கு மான்கறி எடுத்தவன் சரியாக மூடவில்லை. எடுத்தவன் யார் என்று கேட்க வீட்டில் வேறு ஆளில்லை.

கறி போனது, கொடிமுந்திரிப் பழம் போனது, மீன் தீனி மொத்தமும் ஊதாச் சாறாகிப் பையில் மிதந்தது. முதல் விதிப்படி எல்லாவற்றையும் கொட்டினான். ஃப்ரீசரைப் பிடுங்கி, கழுவி, காயட்டும் என்று திறந்து வைத்தான். புதுத் தீனி அக்கரையில், நகரத்துக் கடையில். படகோ மூன்று நாளைக்கு ஓடாது. டப்பாவில் இருந்த குருணைத் தீனியைக் கேப்டன் வாயில் வாங்கி, அவனைப் பார்த்துக்கொண்டே துப்பியது. கடற்பாசித் தாளும் தீர்ந்துவிட்டது. சோல்ரூனுக்கு ஒரு போன் போட்டிருந்தால், "மூணு நாள் பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆகாது, சும்மா விடு" என்றிருப்பாள். அது அவனுக்கும் தெரியும். ஆனால் போன் போட்டால் ஃப்ரீசர் மூடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றைச் செய்யச் சொன்னால் ஒன்றைக் கெடுக்கிறாயே என்ற அந்த மௌனத்தை இன்னொரு முறை கேட்க அவனுக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை படகுத்துறைக்குப் போனான். துறைமுகக் கடை வைத்திருக்கும் ஆர்ன்ஃபின் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, வாளியும் கையுமா? பொண்டாட்டி ஊர்ல இல்லேன்னா சமையல் தூள் பறக்குதோ?"

"எனக்கில்ல. மீனுக்கு."

"மீனுக்கா!" ஆர்ன்ஃபின் பனிமண்வெட்டிமேல் சாய்ந்து சிரித்தார். "இந்த வாரம் சிப்பி எடுக்கலாம்னு அரசாங்கமே பச்சை காட்டியிருக்கு. நான் நேத்து ரெண்டு கிலோ வெங்காயம் போட்டுத் தின்னேன். நாம திங்கிறத உன் துரை மீன் தின்னாதா?"

அதுதானே? யூஸ்டைனுக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்தக் கடற்கரையில் பிறந்த எவனுக்கும் அப்படித்தான் தோன்றும். கடலிலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. அதைவிடச் சுத்தம் உலகத்தில் எது? மனிதனுக்குப் பச்சை என்றால் மீனுக்கும் பச்சைதான் என்று சொல்லிக்கொண்டு, துறையின் கடைசித் தூணில், தண்ணீர் வற்றிய இடத்தில், கருப்பாக அப்பியிருந்த கொத்திலிருந்து ஒரு வாளி பிய்த்து வந்தான். திறக்கும்போது கத்தி வழுக்கி இடது ஆள்காட்டி விரல் நுனியில் ஏறியது. அலமாரி செய்கிற தச்சனுக்கு விரல் வெட்டு ஒரு விஷயமா? பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

அன்று மாலை தொட்டிக்குள் திருவிழா. விளக்கு நான்கு மணிக்குத் தானாக அணையும். இருட்டினால்தான் பவளங்கள் வாய் திறக்கும் என்பதால் தீனி நேரமும் அதுவே. வெளியே மூன்றரைக்கே இருட்டிவிடும் டிசம்பர். டார்ச்சில் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு பார்த்தான். கேப்டன் சிப்பிச் சதையைக் கிழித்துக் கிழித்துத் தின்றது. பேர், காரி என்று பெயரிட்ட ஆரஞ்சு நிற மீன் தம்பதி ஒரு சிப்பிக்குள்ளேயே தலைகீழாக நின்றன. வெளுத்துக்கொண்டிருந்த பவளங்கள்கூட விரல்களை நீட்டின. யூஸ்டைன் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான். தனக்கும் ஒன்று செய்ய வந்துவிட்டதே என்றிருந்தது.

மறுநாள் காலையில்தான் அந்த ஏழு.

ஞாயிறு மதியம் சோல்ரூன் வீடியோவில் வந்தாள். தலையில் மாட்டியிருந்த காதுமூடியின் தடம் இன்னும் கன்னத்தில் இருந்தது.

"கேப்டன் தொப்பையைப் பாரேன்! என்ன குடுத்தே கிழவா?"

"சிப்பி."

"எங்க வாங்கினே?"

"நானே எடுத்தேன். துறையில."

அலை போகும் சத்தம் அங்கிருந்தா இங்கிருந்தா தெரியவில்லை.

"ஃப்ரீசர்ல வச்சியா?"

"வச்சேன். ஒரு வாரம்." வாய் தானாகச் சொன்னது. "நீ போனன்னிக்கே எடுத்து வச்சுட்டேன்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாகவும் கேவலமாகவும் இருந்தது. "ஐயோ, நீ திருந்திட்டியா! உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கணும்போல இருக்கு," என்றாள்.

மாலையில் ஐந்து போட்டான். வேண்டுமென்றே உரக்க எண்ணிப் போட்டான். நாற்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்தான். அறையில் பம்பின் முனகலும் விறகு வெடிக்கும் சத்தமும் மட்டும்தான். மரத்தூள் வாடையும் விறகு வாடையும் கலந்த வழக்கமான வீட்டு மணத்துக்கு அடியில் இன்னொன்று மெல்லப் புலப்பட்டது: தண்ணீர் வற்றிய துறைக்கு அடியில் குனிந்தால் வருமே, வெயிலே படாத தூண்களின் குளிர்ந்த, ஊறிய வாடை, அது. கண்ணாடியில் அவன் முகமும் சிவப்பு டார்ச்சும் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் சோல்ரூன் பத்து வருடமாக அடுக்கி, பவளங்களால் ஒட்டவிட்ட பெரிய பாறை கருப்பாக நின்றது. அதன் இடதுபக்க அடியில் ஒரு பொந்து. அந்தப் பொந்து எப்போதும் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தான். இருந்திருக்கும். அவன் எங்கே பார்த்தான்?

டிக்.

பம்பு என்று நினைத்தான். விறகு என்று நினைத்தான். கத்தியால் சிப்பியைத் திறக்கும்போது கீல் தரும் சத்தம் போன்றது அது. திறப்பதல்ல, மூடுவது. டார்ச்சைத் திருப்பியபோது மணலில் ஐந்து சிப்பிகளும் விரிந்தே கிடந்தன. விறகு போட இரண்டு நிமிடம் எழுந்துபோய் வந்தான். ஆறு. எல்லாம் மூடியிருந்தன.

கூடுதலாக வரும் ஒன்று எது என்று இப்போது அவனுக்கு அடையாளம் தெரிந்தது. மற்றவற்றைவிடப் பெரிது, பழையது. நீலம் போய்ச் சாம்பல் பூத்தது. திறந்தால் உள்பக்கம் முத்துநிறமாக இல்லாமல் கருப்பாக இருந்தது. எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுபோய்க் குதிகாலால் நொறுக்கிப் பனியில் வீசினான். குப்பையில் எதைப் போட்டாலும் சண்டை போடும் கடற்காகங்கள் வேலிமேல் உட்கார்ந்து பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை.

திங்கள் காலை, ஆரஞ்சு மீன் பேரைக் காணோம்.

செத்திருந்தால் உடல் கிடக்கும். வெளியே துள்ளியிருந்தால் தரையில் காய்ந்து கிடக்கும். வடிகட்டியைக் கழற்றினான், சோபாவை நகர்த்தினான், முட்டிபோட்டு அலமாரிக்கு அடியில் துழாவினான். காரி பாறையின் உச்சியில் ஒரே இடத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. "நண்டு," என்று சத்தமாகச் சொன்னான். "சனியன் பிடிச்ச நண்டு ஒண்ணு வந்திருக்கு." சிப்பிக் கொத்தில் ஒட்டிக்கொண்டு வந்த நண்டு. அவ்வளவுதான். ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்திருந்தால் செத்திருக்கும். வைக்கவில்லை. வைக்க ஃப்ரீசர் இல்லை. மூடியை மூடவில்லை. எங்கே தொட்டாலும் கடைசியில் அவன் தலையில்தான் வந்து விடிகிறது. எரிச்சலில் சுவரை ஒரு குத்து குத்தினான். வெட்டுப்பட்ட விரல் வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை.

கண்ணாடிக் குவளையில் பொறி செய்து வைத்தான். நண்டு விழவில்லை. பாறையைத் தூக்கிப் பார்த்தான். அடியில் ஒட்டியிருந்தது, அசையவில்லை. பலமாக இழுத்தால் பத்து வருடப் பவளம் நொறுங்கும். நொறுங்கினால் என்ன சொல்வது?

செவ்வாய் மாலை எதுவும் போடவில்லை. பட்டினி கிடந்தால் நண்டு வெளியே வரும், பிடித்துவிடலாம் என்று கணக்கு. இடுக்கியோடு காத்திருந்தான்.

டிக். டிக். டிக்.

நிற்கவில்லை. வாசல் மணியை அழுத்திக்கொண்டே இருக்கும் முரட்டு விருந்தாளிபோல, பொறுமையாக, சீராக, பொந்துக்குள்ளிருந்து. கேப்டன் தொட்டியின் வலது மேல்மூலையில், பம்புக்குப் பக்கத்தில் மூக்கைக் கண்ணாடியில் பதித்து நின்றது. பதினான்கு வருடத்தில் அது ஒரு நாளும் அந்த மூலையில் நின்றதில்லை. பாறை இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. ஐந்து மணிக்கு அதன் வால் துடுப்பில் ஒரு துண்டு இல்லை. கிழிசல் அல்ல. கத்தரியால் வெட்டிய மாதிரி அரைவட்டம்.

"சரி! சரி, இந்தா தொலை!" என்று கத்திவிட்டு ஓடிப்போய் வாளியில் மிஞ்சியிருந்த சிப்பிகளை நான்கு நான்காகப் பிளந்தான். அவசரத்தில் இடுக்கி கை நழுவி மணலில் விழுந்தது. யோசிக்காமல் கையை விட்டு எடுத்தான். பொந்துக்கு ஒரு சாண் தூரம். விரல் நுனியில் பனிக்கட்டி பட்டதுபோல ஒரு குளிர். ஒரே நொடி. கையை உதறி வெளியே இழுத்தான். ரத்தமில்லை, வலியில்லை. நனைந்த பிளாஸ்டர் மட்டும் தளர்ந்து சுருங்கியிருந்தது. அதைப் பிரிக்காமல் அதன் மேலேயே இன்னொன்றைச் சுற்றினான். சுற்றும்போது விரலைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று தன்னையும் கேட்டுக்கொள்ளவில்லை.

சத்தம் நின்றது. வீடு நிம்மதியானது. அந்த நிம்மதிதான் அவனைக் கலக்கியது.

புதன்கிழமை காரியும் இல்லை. மதியம் சோல்ரூன் கூப்பிட்டபோது, தொட்டியின் வலது பக்கம் மட்டும் தெரியும்படி போனைப் பிடித்துக்கொண்டான்.

"பேரும் காரியும் எங்க?"

"பின்னாடி இருக்கும். முட்டை கிட்டை போட்டிருக்கோ என்னவோ."

"இடது பக்கம் காட்டு."

"சிக்னல் விட்டு விட்டு வருது, சோல்ரூன்."

"நீ எனக்குத் தெளிவாத்தான் தெரியுறே." திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள். "நாளைக்கு வந்துடுவேன். சாயங்காலம் ஆறு மணி ஹெலிகாப்டர். யூஸ்டைன், எதாவது சொல்லணுமா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், ஒரே ஒரு வாக்கியம். நெஞ்சு வரை வந்தது. "ஒண்ணுமில்ல. சீக்கிரம் வா," என்றான்.

வியாழக்கிழமைக்கு ஒரு திட்டம் வைத்திருந்தான். படகு ஓடத் தொடங்கியிருந்தது. பேரும் காரியும் மாதிரி இரண்டு மீன்களை நகரத்தில் வாங்கலாமா என்றுகூட நினைத்து, இவ்வளவு தாழ்ந்துபோனோமே என்று தன்மீதே வெறுப்பு வந்து விட்டுவிட்டான். அவள் வந்ததும் நண்டு என்று சொல்வது. சேர்ந்து பிடிப்பது. பாதி உண்மை பொய்யாகாது. அதுவரை உள்ளே இருப்பது சத்தம் போடாமல் இருக்க வேண்டும். அதற்குத் தீனி வேண்டும். இரண்டு மணிக்கு வாளியோடு துறைக்குப் போனான்.

கடைசித் தூணில் சிப்பிக் கொத்து இல்லை. சனிக்கிழமை அவன் ஒரு வாளிதான் எடுத்தான், ஆளுயரத்துக்கு அப்பியிருந்தது. இப்போது தூண் வழித்துத் துடைத்ததுபோல் வெறுமையாக இருந்தது. தண்ணீருக்கடியில், மணலில், மூடிய ஓடுகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. எண்ணவில்லை. பக்கத்துத் தூணிலிருந்து அவசரமாக ஒரு கை பிய்த்துக்கொண்டு திரும்பினான்.

ஆர்ன்ஃபின் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார். "என்னப்பா, இன்னும் மீனுக்குத்தானா? உன் வீட்டுக்காரி அரை மணி முன்னாடியே இந்த வழியாப் போனா. மறுபடி காத்து எழும்பப் போகுதுன்னு சீக்கிரமே எறக்கிவிட்டுட்டாங்களாம். கரண்டு போன கதையெல்லாம் சொன்னேன். தெரியவே தெரியாதுங்கிறா!"

ஓடினான். பனியில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினான். மூன்றரை மணி. இருட்டிவிட்டது. வீட்டில் விளக்கு எரியவில்லை. சமையலறை ஜன்னலில் தொட்டியின் நீலம் மட்டும்.

வாசலில் அவள் காலணிகள். பை. கீழ்த்தளக் கதவு திறந்திருந்தது. படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தான்: அங்கே விளக்கு எரிந்தது, அதற்குக் கீழே காலி ஃப்ரீசர், திறந்த மூடி, பிடுங்கிய ஒயர். பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"சோல்ரூன்?"

"இங்கதான் இருக்கேன்."

குரல் அமைதியாக இருந்தது. அதுவே முதல் தப்பு.

தொட்டியின் முன்னால் ஏணிமுக்காலிமேல் நின்றிருந்தாள். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டியிருந்தாள். வலது கை முழுதும் தண்ணீருக்குள். கன்னம் கண்ணாடி விளிம்பில் அழுந்தியிருந்தது. கை பாறையை நோக்கி இறங்கி, பொந்துக்குள் மணிக்கட்டுவரை போய், அங்கே முடிந்திருந்தது.

வலது மேல்மூலையில் கேப்டன் இல்லை.

"கண்ணெதிர்ல இழுத்துக்கிட்டுப் போச்சு," என்றாள். "புடிச்சுடலாம்னு கைய விட்டேன். எடுக்க முடியல."

வாளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான். தொட்டி கிறீச்சிட்டது. பாறையும் சேர்ந்து அசைந்தது. நேற்றுவரை அசையாத பாறை.

"இழுக்காதே! இழுத்தா உள்ள போகுது."

"வலிக்குதா?"

"இல்ல." அவள் உதடுகள் வெளுத்திருந்தன. "ஒண்ணுமே தெரியல. அதான் பயமா இருக்கு."

"ஆம்புலன்ஸ்..."

"கூப்பிட்டாச்சு. படகு வர அரை மணி ஆகுமாம். டாக்டர் லைன்லயே கேட்டாங்க. என்ன ஜந்து, எங்கேருந்து வந்துச்சு, உள்ளூர்க் கடல்லேருந்தா, கடையில வாங்கினதா, உறைஞ்சதா உசிரோடயான்னு. தெரிஞ்சாத்தான் மருந்து எடுத்துட்டு வர முடியும்ங்கிறாங்க. புருஷன் வந்ததும் கேட்டுச் சொல்றேன்னேன்." கண்களை மட்டும் அவன்மேல் திருப்பினாள். கோபம் இல்லை அதில். கெஞ்சல்தான் இருந்தது. "கீழ பார்த்துட்டேன். நீ வாயால சொல்லு. எனக்கு அது போதும். அந்தச் சிப்பிய ஃப்ரீசர்ல எத்தனை நாள் வச்சே?"

போன் அவள் இடது கைக்கெட்டும் தூரத்தில் மேசைமேல் இருந்தது. இணைப்பில் யாரோ "ஹலோ, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வாரம்," என்றான் யூஸ்டைன்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

டிக்.

தண்ணீர் சிவக்கவில்லை. கொஞ்சம்கூட. பொந்தின் வாயில் மணல் லேசாகக் கிளம்பி, அடங்கியது. அடங்கிய இடத்தில் உள்ளிருந்த அது எதையோ ஒவ்வொன்றாக வெளியே வைத்திருந்தது. வரிசையாக. ஒழுங்காக. சிறியவை, இளஞ்சிவப்பு, மெலிதாக வளைந்தவை. சிப்பி ஓடு என்றுதான் முதலில் நினைத்தான். ஒன்றில் சோல்ரூன் நகத்தில் பூசிக்கொள்ளும் சிவப்புச் சாயம் ஓரத்தில் மிச்சமிருந்தது.

துடைத்திருந்தது. பளபளத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

ஆறு.

ஆறாவது மற்றவற்றைவிடப் பெரியது. அகலமானது. நுனியில் கத்தி ஏறிய கோடு இருந்தது. ஓரத்தில் மரச்சாயத்தின் பழுப்பு.

அவனுடைய இடது ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுப் பிளாஸ்டர் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்தே வலிக்கவேயில்லை. இப்போது அதற்கடியில் ஏதோ மெல்ல அசைந்தது.

"யூஸ்டைன்." அவள் கண்ணைத் திறந்திருந்தாள். "கையில என்ன?"

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"ஒண்ணுமில்ல," என்றான்.

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. டிக்.